மூன்று கிலோமீட்டர் விதி ஆற்றங்கரைக்கு ஆகாது

காட்டுப்பன்றியைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு வாதம் ஆயத்தமாக வந்து நிற்கிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்ததால்தான் இந்த நாட்டில் விலங்குகள் மிஞ்சின, அதில் எங்கே கை வைத்தாலும் எல்லாம் போய்விடும், உழவர் கேட்கும் தளர்வு கடைசியில் கள்ள வேட்டைக்காரனுக்கும் கறி வியாபாரிக்கும்தான் பயன்படும் என்பது அந்த வாதம். படித்தவர்கள் கூடும் இடங்களில் இதற்கு மறுபேச்சு கிடையாது. இதைச் சொல்பவர்களில் பலர் காட்டின் மேல் உண்மையான அன்பு கொண்டவர்கள், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஆழ்வார்திருநகரியில் வாழை போட்டிருப்பவரின் வரப்பில் நின்று இந்த வாதத்தைக் கேட்டால் அதன் ஒவ்வொரு கண்ணியும் கழன்றுவிடுகிறது. பன்றி வேட்டை குறித்து இன்று தமிழ்நாட்டில் நடப்பில் உள்ள விதி மலையடிவாரத்துக்காக எழுதப்பட்டது. தாமிரபரணிப் பாசனத்துக்கு அது பொருந்தவில்லை. இங்கே அதை விலக்கிக்கொள்ள வேண்டும்.

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டம். அதன் தென்கால் ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரைப் பக்கத்து நஞ்சைகளை நனைத்துக் கடம்பா குளத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. கார், பிசானம் என இரு போகம் நெல் விளைந்த வயல்களில் பாதிக்கு மேல் இன்று வாழை நிற்கிறது. ஏத்தன், சக்கை, கதலி, நாட்டுவாழை. கீழே ஆத்தூர்ப் பக்கம் 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலைக் கொடிக்கால்கள். மேற்கு மலை இங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. புலி இல்லை, பன்றிக் கூட்டத்தைக் கட்டுக்குள் வைக்கக்கூடிய வேறு எந்த வேட்டை விலங்கும் இல்லை.

பன்றி மட்டும் இருக்கிறது. அது ஆற்றுக்குள்ளேயே குடியிருக்கிறது. மணல் அள்ளி அள்ளிக் குழியாகிப்போன படுகையிலும், அணைக்கு மேலே சேறு படிந்து மேடாகிவிட்ட இடங்களிலும் சீமைக்கருவேலம் மண்டி உடங்காடாகக் கிடக்கிறது. பொதுவுடைமைத் தலைவர் ஆர். நல்லகண்ணு மணல் கொள்ளைக்கு எதிராக 2010இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தாமே நின்று வாதாடித் தடை வாங்கினார். ஆனால் அதற்குள் ஆற்றின் உடம்பு மாறிவிட்டிருந்தது. பகலெல்லாம் முள்ளுக்குள் நிழலிலும் ஈரத்திலும் படுத்திருந்துவிட்டு இருட்டியதும் கரையேறினால் எட்டிய தூரத்தில் வாழை. பன்றிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரு பெட்டை நான்கு மாதத்துக்குள் சினைக்காலம் முடித்து, ஓர் ஈற்றில் நான்கைந்து குட்டிகளுக்கும் மேல் போடுகிறது. தின்ன நிறைய இருந்தால் ஆண்டுக்கு இரண்டு ஈற்றும் உண்டு.

நட்டு இரண்டு மூன்று மாதமான கன்றுதான் அதற்கு முதல் இலக்கு. மூக்கால் மண்ணைக் கிளறிக் கிழங்கைத் தோண்டித் தின்கிறது. தின்பது கொஞ்சம், சாய்ப்பது ஏராளம். பால் பிடிக்கும் நெல்லில் புகுந்து புரண்டால் அறுக்க ஒன்றும் மிஞ்சாது. வயலைச் சுற்றிப் பழைய சேலை கட்டிப் பார்த்தாகிவிட்டது. முடிதிருத்தும் கடையிலிருந்து மயிரை மூட்டையாக வாங்கி வந்து வரப்பில் தூவிப் பார்த்தாகிவிட்டது. தகரம் தட்டி, வெடி போட்டு, டார்ச் அடித்து ராக்காவல் இருப்பவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். இளவட்டங்கள் தூத்துக்குடிக்கும் திருப்பூருக்கும் போய் வெகுகாலம் ஆயிற்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது இந்தக் கரை முழுவதும் தண்ணீருக்குள் போனது. அந்த வெள்ளத்தில் வாழையைப் பறிகொடுத்தவர்கள் நகையை அடகு வைத்து மறுபடி கன்று வாங்கி நட்டார்கள். பன்றி வந்து கிளறியது அந்தக் கன்றைத்தான்.

மனிதன் காட்டை ஆக்கிரமித்தான், அதனால் விலங்கு வயலுக்கு வருகிறது என்பார்கள். வால்பாறையிலோ கூடலூரிலோ இதில் நிறைய உண்மை இருக்கலாம். ஆதிச்சநல்லூரின் இரும்புக்காலத் தாழிகளிடையே நெல் உமி கிடைத்த மண் இது. இங்கே உழுகிறவர் எந்தக் காட்டையும் ஆக்கிரமிக்கவில்லை. வந்து புகுந்தது சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மரம் அது. ஆற்றைக் காடாக்கியதில் உழவருக்குப் பங்கில்லை, அதற்கான தண்டனையை மட்டும் அவர் அனுபவிக்கிறார்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். வேட்டைச் சட்டம் என்றால் 1972இல் தொடங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு முன்பே விதிகள் இருந்தன. 1879இல் நீலகிரிக்கென்று தனியாக வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள். துரைமார் சுடுவதற்கு விலங்கு மிஞ்ச வேண்டும் என்ற கவலையே அதன் அடிப்படை. பிறகு 1912இல் பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பட்டியலில் மான், காட்டெருது, காண்டாமிருகம், முயல் எல்லாம் உண்டு, பன்றி கிடையாது. அதைவிட முக்கியமானது அதிலிருந்த ஒரு விலக்கு. தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்கக் கொன்றால் குற்றமில்லை, நல்லெண்ணத்தோடு தன் உடைமையைக் காக்கக் கொன்றாலும் குற்றமில்லை என்றது அந்தச் சட்டம். நம்மை அடிமையாக வைத்திருந்த அரசு, நம் வயலை நாம் காத்துக்கொள்ளும் உரிமையை எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தது.

சுதந்திர நாட்டின் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த இரண்டாவது பாதி காணாமல் போயிற்று. பிரிவு 11இன் இரண்டாம் உட்பிரிவு உயிரைக் காக்கும் செயலுக்கு மட்டுமே விலக்களிக்கிறது. உடைமைக்கான விலக்கு அதிகாரியின் அனுமதியாக மாறிவிட்டது. ஆனாலும் அந்த அனுமதியைச் சட்டம் தாராளமாகவே எழுதியிருக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பின் பன்றி இருப்பது இரண்டாம் அட்டவணையில். அந்த அட்டவணை விலங்கு மனித உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்தாகிவிட்டது என்று தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவரால் அதிகாரம் பெற்ற அலுவலரோ கருதினால், காரணத்தை எழுதி, எவருக்கும் அதைக் கொல்ல அனுமதி தரலாம். உடைமை என்பதில் நிலத்தில் நிற்கும் பயிரும் அடங்கும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. சட்டத்தைத் தொட்டால் காடு அழியும் என்று அஞ்சுகிறவர்கள் பிரிவு 11ஐ ஒருமுறை பொறுமையாகப் படிக்க வேண்டும். நான் கேட்பது அதில் ஏற்கெனவே இருக்கிறது. அதை நெருங்கவிடாமல் தடுப்பது மாநில அரசின் விதிமுறை.

2025 ஜனவரியில் அன்றைய வனத்துறை அமைச்சர் க. பொன்முடி சட்டமன்றத்தில் அறிவித்த முறை இதுதான்: காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் கொண்டுபோய் விடலாம். மூன்றைத் தாண்டினால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். ஊர் அளவில் ஒரு குழு இருக்கும், அதன் வழியாக எல்லாம் நடக்கும். இதைப் பெரிய தளர்வு என்று ஒரு சாரார் கண்டித்தார்கள், பெரிய சலுகை என்று இன்னொரு சாரார் கொண்டாடினார்கள். இரு சாராரும் ஆற்றங்கரையை நினைத்துப் பார்க்கவில்லை.

கிலோமீட்டர் கணக்கு, பன்றி காட்டில் வாழ்ந்து வயலுக்கு வந்து போகிறது என்ற எண்ணத்தில் பிறந்தது. கோயம்புத்தூர், ஈரோடு மலையோரங்களுக்கு அது சரி. ஆற்றுக்குள் பிறந்து ஆற்றுக்குள் குட்டி போடும் பன்றிக்கு எந்தக் காட்டின் எல்லையிலிருந்து அளப்பது? தெற்கே குதிரைமொழித் தேரியில் காப்புக்காடு இருக்கிறது. தேரியை ஒட்டிய ஊரில் வாழை வைத்தவருக்கு ஒரு விதி, அதே ஆற்றுப் பன்றியால் அழியும் அடுத்த ஊர்க்காரருக்கு வேறு விதி என்றால், அந்தச் செம்மணல் காட்டுக்கும் இந்தப் பன்றிக்கும் என்ன தொடர்பு என்று ஒருவராவது சொல்ல வேண்டும்.

நடுவில் உள்ள விதி, அதாவது பிடித்துக் காட்டில் விடுவது, இன்னும் மோசம். அது காட்டையே கெடுக்கும். 2023 ஜனவரியில் முதுமலையிலும் பந்திப்பூரிலும் காட்டுப்பன்றிகள் செத்து விழுந்தன, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று ஆய்வில் தெரிந்தது. தடுப்பூசிக்கு எளிதில் வசப்படாத, வேகமாகப் பரவும் நோய் அது. ஊரோரக் குப்பையிலும் வளர்ப்புப் பன்றிகளின் அருகிலும் திரிந்த கூட்டத்தைக் கூண்டில் ஏற்றிக் காட்டுக்குள் அவிழ்த்துவிடுவது, புலிக்கும் செந்நாய்க்கும் இரையாகும் பன்றிகளிடையே நோயைக் கொண்டுபோய் விதைப்பதாகும். வன விலங்குகளின் பேரில் விதியைக் காக்க வருகிறவர்கள் முதலில் எதிர்க்க வேண்டியது இதைத்தான்.

மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம் என்று சொல்லியாகிவிட்டதே, பிறகென்ன குறை என்று கேட்கலாம். யார் சுடுவது என்பதில்தான் குறை. தூத்துக்குடி தமிழ்நாட்டில் காடு மிகக் குறைந்த மாவட்டங்களில் ஒன்று. வல்லநாட்டில் பதினாறு சதுர கிலோமீட்டர் வெளிமான் சரணாலயம், மன்னார் வளைகுடாத் தீவுகள் என்று இருக்கும் பணிகளுக்கே ஆள் வேண்டும். உழவர் மனு கொடுத்து, குழு கூடி, பரிந்துரை போய், துப்பாக்கியோடு ஆள் வருவதற்கு எத்தனை நாளாகும்? பன்றி நள்ளிரவில் வந்து விடிவதற்குள் வேலையை முடித்துவிடுகிறது. அரை ஏக்கர் குத்தகைக் கன்று போவதற்கு இரண்டு இரவு போதும்.

தளர்த்தினால் கள்ள வேட்டை பெருகும் என்ற வாதமே எல்லாவற்றிலும் வலுவானதாகக் கருதப்படுகிறது. அதை நேராகவே எடுத்துக்கொள்கிறேன். உழவர் தாமாகக் கொல்லத் தடை இருக்கும்போது என்ன நடக்கிறது? 2020 மே மாதம் பாலக்காட்டுப் பக்கம் வெடி வைத்த பழத்தைக் கடித்து, வாய் சிதைந்து, சினை யானை ஒன்று ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்தது. பன்றிக்கு வைக்கும் வெடி அது, நம் பக்கத்தில் அவுட்டுக்காய். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே வயலில் திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் மூன்று யானைகள் செத்தன, குட்டிகள் தாயின் உடலைச் சுற்றிச் சுற்றி வந்தன. இப்படிக் கம்பி வைத்தவர்களே அதில் மாட்டிச் செத்த செய்தியும் ஆண்டுதோறும் வருகிறது. இவற்றை நான் நியாயப்படுத்தவில்லை, செய்தவர்கள் தண்டனை பெறத்தான் வேண்டும். ஆனால் இவை அத்தனையும் தடை நடப்பில் இருக்கும்போதே நடந்தவை. வெளிச்சத்தில் செய்ய வழி இல்லாததை இருட்டில் செய்கிறார்கள். சுருக்கும் கம்பியும் பன்றி எது, மான் எது, மனிதர் யார் என்று பார்ப்பதில்லை. சட்டத்துக்குப் பயந்த உழவரின் கையைக் கட்டி, பயப்படாதவனுக்குக் களத்தைத் திறந்துவிட்டிருக்கிறது இந்த விதி.

கறி வியாபாரம் பற்றிய அச்சத்துக்கு வழி எளிது. கொன்ற பன்றியை அலுவலர் முன்னிலையில் புதைக்க வேண்டும், விற்கக் கூடாது. உணவைக் குழியில் தள்ளுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். இருந்தாலும் காசு ஆசை புகாமல் இருக்க அதை ஏற்கிறேன்.

துப்பாக்கி பற்றிய அச்சம் எனக்கும் உண்டு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பயிர்க்காவலுக்கென்று வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் தர இடம் வைத்திருக்கிறது. அதைக் காட்டி, வீட்டுக்கு வீடு உரிமம் கொடு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1990களின் சாதி மோதல்களைப் பார்த்த தென்மாவட்டத்தில் அப்படிக் கேட்பது தவறு. இங்கே துப்பாக்கி எண்ணிக்கை கூடினால் அவை பன்றியை மட்டும் பார்த்துச் சுடும் என்று எவரும் உறுதி கூற முடியாது. அதனால்தான் நான் வேட்டையைத் திறந்துவிடச் சொல்லவில்லை. வேட்டை பன்றியைக் குறைக்கவும் குறைக்காது. அமெரிக்காவின் டெக்சாசில் 2019 முதல், நில உரிமையாளர் சம்மதித்தால் போதும், வேட்டை உரிமமே இல்லாமல் பன்றியைச் சுடலாம். அங்கே பன்றி குறைந்தபாடில்லை. அதே நாட்டின் மிசூரி மாநிலம் 2016இல் தன் வனத்துறை நிலங்களில் பன்றி வேட்டையைத் தடைசெய்தது. இரண்டைச் சுட்டால் மீதி இருபது சிதறி ஓடிப் புது இடத்தில் பெருகுகின்றன, கூட்டத்தையே அடைப்புக்குள் வரவழைத்து ஒட்டுமொத்தமாகப் பிடிப்பதே பலன் தருகிறது என்று அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். இந்தச் செய்தியை எடுத்துக்காட்டி, பார்த்தீர்களா, கொல்வதால் பயனில்லை என்கிறார்கள் நம் சூழலியல் நண்பர்கள். மிசூரி சொன்னது அதுவல்ல. சிதறடிக்கும் வேட்டையை விடு, அடைத்துப் பிடி, பிடித்ததைக் கொல் என்றுதான் அது சொன்னது. தமிழ்நாட்டு விதி இதற்கு நேர்மாறாக இருக்கிறது. சுடுவதற்கு ஆள் அனுப்புகிறேன் என்கிறது, அடைத்துப் பிடித்தால் காட்டில் கொண்டுபோய் விடு என்கிறது.

அடைப்பில் சிக்கினால் தாயோடு குட்டியும் சாகுமே என்று கேட்பார்கள். சாகும். அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. அவுட்டுக்காயில் தாடை பிளந்து பத்து நாள் அழுகிச் சாவதை விட அது குறைந்த துன்பம் என்பதே என் பதில்.

சட்டப் பிரிவு 62இன்படிப் பன்றியைத் தீங்கு விளைவிக்கும் விலங்காக மத்திய அரசு அறிவித்துவிட்டால் தொல்லை தீரும் என்பது இன்னொரு தரப்பு. விவசாயச் சங்க மேடைகளில் இது அடிக்கடி முழங்கும். இதையும் ஏற்க முடியவில்லை. அப்படி அறிவித்த காலமும் இடமும் வரை அந்த விலங்குக்குச் சட்டத்தின் காப்பு முற்றிலும் இல்லை, யார், எப்படி, எத்தனை கொன்றார்கள் என்று கேட்க ஆளிருக்காது. பீகாரில் 2015 டிசம்பரில் நீலமானுக்கும் பன்றிக்கும் அப்படி அறிவித்தார்கள். அடுத்த ஜூனில் மொகாமாவில் வெளியூர் வேட்டைக்காரர் ஒருவரை வரவழைத்து இருநூறுக்கு மேற்பட்ட நீலமான்களைச் சுட்டார்கள். மேனகா காந்தியும் பிரகாஷ் ஜாவடேகரும் ஒரே மத்திய அமைச்சரவையில் இருந்துகொண்டு வெளிப்படையாக மோதினார்கள். நாடே பார்த்தது, உழவருக்கு நிலையான ஏற்பாடு எதுவும் மிஞ்சவில்லை. கேரளம் பலமுறை கேட்டும் மத்திய அரசு பன்றிக்கு இந்த அறிவிப்பைத் தரவில்லை. அது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் கேரளம் வேறு வழியைத் தேடியது. 2022இல் உள்ளாட்சித் தலைவர்களைக் கௌரவ வன உயிரினக் காப்பாளர்களாக்கி, பன்றியைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரத்தை ஊருக்கே கொடுத்தது. நஞ்சும் வெடியும் மின்சாரமும் கூடாது, உடலை முறைப்படி புதைக்க வேண்டும் என்று நிபந்தனையும் வைத்தது. அங்கேயும் சுடுவதற்கு ஆள் பற்றாக்குறை, சுணக்கம் எல்லாம் உண்டு. ஆனால் முடிவெடுப்பவர் வயலுக்கு நடந்து வரும் தூரத்தில் இருக்கிறார்.

இழப்பீடு கொடுத்தால் போதாதா என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏக்கருக்கு லட்சத்தைத் தாண்டிச் செலவழித்த வாழைக்கு இழப்பீடு ஈடாவதில்லை, குத்தகைக்காரர் பெயரில் சிட்டா இல்லாததால் மனுவே நிற்பதில்லை. இதில் இன்னோர் அநீதியும் இருக்கிறது. சட்டத்தின் பிரிவு 39இன்படி அனுமதியோடு கொன்ற பன்றியும், செத்துக் கிடக்கும் பன்றியும் மாநில அரசின் உடைமை. உயிரோடு வயலைக் கிளறும்போது அதன் செயலுக்கு எவரும் பொறுப்பில்லை. ஜெர்மனியில் வேட்டை உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர், காட்டுப்பன்றி செய்யும் பயிர்ச் சேதத்துக்குப் பொதுவாகப் பணம் கட்டியாக வேண்டும். உரிமையும் பொறுப்பும் அங்கே ஒரே கையில் இருக்கின்றன. நம்மிடம் உரிமை அரசிடம், இழப்பு உழவரிடம்.

கருவேலத்தை வெட்டினால் பன்றி தானாகப் போய்விடும் என்பதும் கேட்ட வாதம்தான். வெட்டத்தான் வேண்டும். வைகோ தொடுத்த வழக்கில் மதுரைக் கிளை 2017இல் கடுமையான உத்தரவுகள் போட்டது, சில மாதங்களில் அவை நிறுத்திவைக்கப்பட்டன. 2022இல் மாநில அரசு அயல் தாவரங்களுக்கென்று கொள்கையும் வெளியிட்டது. ஆற்றில் முள் அப்படியே நிற்கிறது. இனி வெட்டத் தொடங்கினாலும், ஒதுங்க இடமில்லாத கூட்டம் முதலில் ஏறுவது வாழைக்குள்தான். அடைப்பும் வெட்டும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

ஆழ்வார்திருநகரியில் இதைப் பேசும்போது வேறு எங்கும் வராத ஒரு கேள்வியும் வரும். ஆதிநாதர் கோயிலில் வராகப் பெருமாள் ஞானப்பிரானாக வீற்றிருக்கும் ஊரில் பன்றியைக் கொல்லச் சொல்லலாமா? கேட்பவரின் பக்தியை மதிக்கிறேன். நீருக்குள் அமிழ்ந்த பூமியை மேலே கொண்டுவந்து காப்பாற்றிய வடிவம் அது. பூமியை நம்பி வாழ்கிறவரைக் கைவிடுவதற்கு அதைச் சான்றாகக் காட்டுவதை என்னால் ஒப்ப முடியவில்லை.

இதற்கெல்லாம் டெல்லியின் தயவு வேண்டியதில்லை. பிரிவு 11இன் கீழ் மாநிலமே செய்யலாம், கேரளம் செய்து காட்டிவிட்டது. மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளின் பாசனப் பரப்பு முழுவதற்கும் கிலோமீட்டர் மண்டலங்களை விலக்கி ஓர் அரசாணை போட வேண்டும். பிடித்துக் காட்டில் விடும் முறையை அதே ஆணையில் ஒழிக்க வேண்டும். அடைப்பு வைக்கும் அதிகாரமும் பிடிபட்டதைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரமும் ஊராட்சித் தலைவருக்கும் பேரூராட்சித் தலைவருக்கும் வர வேண்டும். அடைப்புக்கான கம்பிவலையை அரசு வாங்கித் தர வேண்டும். கொல்வதற்குக் கால்நடை மருத்துவர் மேற்பார்வையில் ஒன்றியத்துக்கு நான்கைந்து பேரைப் பயிற்றுவித்தால் போதும். ஒவ்வொரு பன்றியும் கணக்கில் ஏறி, அந்தக் கணக்கு மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் படிக்கப்பட வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஆணையை மறு ஆய்வு செய்யட்டும், பன்றி குறைந்த ஊரில் அதிகாரத்தைத் திரும்பப் பெறட்டும். மலையடிவாரத்தில் இன்றைய விதி அப்படியே இருக்கட்டும், அங்கே பன்றியை நம்பிப் புலி வாழ்கிறது. அடுத்த பட்டத்து வாழைக்கன்று நடுவதற்கு முன் இந்த ஆணை வந்தாக வேண்டும்.